கேள்வி–பதில்: கணினியில் மூலக்கூறு கட்டுவது எப்படி?

மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் உருவாக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது. மூலக்கூறு கட்டிப் பழக எந்த மென்பொருளில் தொடங்கலாம்? சீனியர்கள் பைமால் என்கிறார்கள், இணையத்தில் அவகாட்ரோ என்கிறார்கள்.
(பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு மாணவி, திண்டுக்கல்)

பதில்: அவகாட்ரோவில் தொடங்குங்கள். அது இலவசம், திறமூலம், உங்கள் லேப்டாப்பே போதும். பைமாலும் கைமராஎக்ஸும் முதன்மையாகப் பார்ப்பதற்கான மென்பொருள்கள். ஏற்கெனவே இருக்கும் புரத அமைப்பைத் திறந்து, திருப்பி, படம் எடுக்க அவற்றை மிஞ்ச ஆளில்லை. ஒவ்வோர் அணுவாக வைத்துச் சிறு மூலக்கூறைக் கட்டுவது அவகாட்ரோவின் வேலை.

முதல் பயிற்சியாக எத்தனால் செய்யுங்கள். பென்சில் படம் போட்ட வரைகருவியைத் தேர்ந்தெடுத்து, தனிமம் கார்பன் என்றும், ஹைட்ரஜனைத் தானே சரிசெய்யும் கட்டம் டிக் ஆகியிருக்கிறது என்றும் பாருங்கள். திரையில் ஒரு க்ளிக் செய்தால் மீத்தேன் வரும். அந்தக் கார்பனிலிருந்து மௌஸை அழுத்தி இழுத்தால் ஈத்தேன். தனிமத்தை ஆக்சிஜனுக்கு மாற்றி இன்னொரு முறை இழுத்தால் எத்தனால். பிணைப்பின் மேல் க்ளிக் செய்தால் ஒற்றை இரட்டையாகும், இரட்டை மூன்றாகும். தவறாக வைத்த அணுவை வலது க்ளிக் அழித்துவிடும்.

இப்போது வடிவத்தைச் சீராக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, அளவுகோல் கருவியால் அளந்து பாருங்கள். கார்பன்–கார்பன் 1.52 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அளவிலும், கார்பன்–ஆக்சிஜன் 1.42 அளவிலும், ஆக்சிஜன்–ஹைட்ரஜன் 0.97 அளவிலும் வர வேண்டும். மொத்தம் 9 அணுக்கள். மூலக்கூறு அழகாகத் தெரிகிறதா என்பதைவிட இந்த எண்கள் சரியா என்று பார்க்கும் பழக்கம் முதல் நாளிலேயே வந்துவிட்டால் பின்னால் பாதித் தொல்லை இல்லை.

கேள்வி: வகுப்பில் காட்டுவதற்காகச் சைக்ளோஹெக்சேனை அறுகோணமாக வரைந்து ஆப்டிமைஸ் செய்தேன். நாற்காலி வடிவம் வரவில்லை. ஏதோ முறுக்கிக்கொண்ட வளையம் வருகிறது. இன்னொரு கணினியில் தட்டையாகவே நின்றுவிட்டது. மென்பொருளில் கோளாறா?
(மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: கோளாறு இல்லை. இரண்டு கணினியும் தமக்குக் கொடுத்த வேலையைத்தான் செய்திருக்கின்றன. ஆனால் உங்கள் கேள்விதான் இந்தத் துறையிலேயே முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வடிவத்தைச் சீராக்குவது என்றால், ஒவ்வோர் அணுவின் மேலும் செயல்படும் விசையைக் கணக்கிட்டு, ஆற்றல் குறையும் திசையில் அணுக்களைச் சிறிது சிறிதாக நகர்த்துவது. விசை ஏறக்குறைய சுழியானதும் கணக்கு நின்றுவிடும். மலைச்சரிவில் விட்ட பந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் நிற்குமே தவிர, மேடேறி அடுத்த பள்ளத்தைத் தேடிப் போகாது. இதுவும் அப்படித்தான். சைக்ளோஹெக்சேனுக்கு ஆழமான பள்ளம் நாற்காலி வடிவம். அதைவிட மோலுக்குச் சுமார் 23 கிலோஜூல் உயரத்தில், முறுக்குப் படகு வடிவம் என்ற இன்னொரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் வரைந்த அறுகோணம் எந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்ததோ அந்தப் பள்ளத்துக்குப் போய்விட்டது.

தட்டையாக நின்ற கதை வேறு. வளையம் மிகச் சரியான சமதளத்தில், ஹைட்ரஜன்கள் மேலும் கீழும் சமச்சீராக இருந்தால், கார்பனை மேலே தள்ளும் விசையும் கீழே தள்ளும் விசையும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். மொத்த விசை சுழி. அந்த இடம் உண்மையில் பள்ளமே அல்ல, மேடு. ஆனாலும் விசை இல்லாததால் கணக்கு முடிந்தது என்று நிரல் நினைத்துக்கொள்ளும்.

வழி எளிது. வளையக் கார்பன்களுக்கு 1 முதல் 6 வரை எண் வைத்துக்கொள்ளுங்கள். 1, 3, 5 ஆகியவற்றை லேசாக மேலே இழுங்கள், 2, 4, 6 ஆகியவற்றைக் கீழே இழுங்கள். சீரான நாற்காலியில் ஒவ்வொரு கார்பனும் நடுத்தளத்திலிருந்து கால் ஆங்ஸ்ட்ராம் அளவே விலகியிருக்கும். அதனால் துல்லியமாக இழுக்க வேண்டியதில்லை, திசை மாறி மாறி வந்தால் போதும். பிறகு சீராக்குங்கள். அவகாட்ரோவில் தானே தொடர்ந்து சீராக்கும் கருவி ஒன்று உண்டு. அதை ஓடவிட்டு, முறுக்குப் படகின் ஒரு கார்பனை மௌஸால் பிடித்து மறுபக்கம் இழுத்து விட்டால், வளையம் கண்முன்னே நாற்காலிக்குத் தாவும். வகுப்பில் காட்ட இதைவிட நல்ல காட்சி கிடையாது.

வந்தது நாற்காலிதானா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். அடுத்தடுத்த நான்கு கார்பன்களைத் தேர்ந்தெடுத்து முறுக்குக் கோணத்தை (நடுப் பிணைப்பு எவ்வளவு முறுக்கியிருக்கிறது என்ற கோணம்) அளந்துகொண்டே வளையத்தைச் சுற்றி வாருங்கள். நாற்காலி என்றால் +55, –55 என்று குறி மாறி மாறி வரும். முறுக்குப் படகில் 30க்கு அருகிலும் 60க்கு அருகிலும் கலந்து வரும்.

வளையத்தில் மெத்தில் தொகுதி இருந்தால் இன்னொரு சோதனையும் தேவை. அது நடுத்தளத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் நிலை, செங்குத்தாக நிற்கும் நிலையைவிட மோலுக்கு 7 கிலோஜூலுக்குச் சற்று மேல் ஆற்றல் குறைந்தது. இதையும் நிரல் தானாக மாற்றாது. இரண்டையும் நீங்களே கட்டி, இரண்டின் ஆற்றலையும் ஒப்பிட வேண்டும். ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஒரே மூலக்கூறின் வெவ்வேறு வடிவங்களை, ஒரே ஃபோர்ஸ் ஃபீல்டில்தான் (அணுக்களுக்கு இடையிலான விசையையும் ஆற்றலையும் கணக்கிடும் சூத்திரத் தொகுப்பு) ஒப்பிடலாம். சைக்ளோஹெக்சேனின் எண்ணையும் பென்சீனின் எண்ணையும் பக்கத்தில் வைத்து எது நிலையானது என்று சொல்வதற்கு அந்த எண்கள் எந்த ஆதாரமும் ஆகாது.

கேள்வி: மிளகிலுள்ள பைப்பரினை ஒரு புரதத்துடன் டாக்கிங் (சிறு மூலக்கூறு புரதத்தில் எப்படிப் பொருந்தும் என்ற கணிப்பு) செய்கிறேன். நானே வரைந்த அமைப்புக்கும் என் தோழி வரைந்த அமைப்புக்கும் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. இருவரும் ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் நிரலைத்தான் பயன்படுத்தினோம்.
(ஆய்வு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இருவரும் ஒரே மூலக்கூறைத்தான் வரைந்தீர்களா என்று முதலில் பாருங்கள். பைப்பரினில் 17 கார்பன், 19 ஹைட்ரஜன், 1 நைட்ரஜன், 3 ஆக்சிஜன். மொத்தம் 40 அணுக்கள், மூலக்கூறு எடை 285.3. மென்பொருளின் பண்புகள் பகுதியில் இந்த எண்கள் வராவிட்டால் மேலே போகவே வேண்டாம்.

எண்கள் ஒத்துப்போனாலும் போதாது. நடுச் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. இரண்டும் டிரான்ஸ் ஆக, அதாவது சங்கிலி பிணைப்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் தொடர்வதாக, இருந்தால்தான் பைப்பரின் (ஒரே பக்கம் தொடர்ந்தால் சிஸ்). ஒன்று மாறினால் ஐசோபைப்பரின் அல்லது ஐசோசாவிசின், இரண்டும் மாறினால் சாவிசின். நான்குக்கும் அணு எண்ணிக்கை ஒன்றே, எடையும் ஒன்றே. கையால் வரையும்போது சங்கிலியை எந்தப் பக்கம் வளைத்தீர்களோ அதுவே சிஸ், டிரான்ஸை முடிவு செய்துவிடும், சீராக்கும் கட்டளை அதை ஒருபோதும் திருத்தாது. மூலக்கூறை ஒரே வரி எழுத்துகளாக எழுதும் ஸ்மைல்ஸ் குறியீட்டை ஒட்டி உருவாக்கியிருந்தாலும் இதே சிக்கல் உண்டு. இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் சாய்கோடு இல்லாத ஸ்மைல்ஸ் என்றால் சிஸ்ஸா டிரான்ஸா என்ற செய்தியே அதில் கிடையாது, நிரல் தன் போக்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்.

நாங்கள் சொல்லும் வழி இது. பப்கெம் என்ற இலவச வேதிப்பொருள் தரவுத்தளத்தில் பைப்பரினைத் தேடி, முப்பரிமாண அமைப்பை எஸ்டிஎஃப் கோப்பாக இறக்குங்கள். அது படிகத்தில் அளந்த அமைப்பு அல்ல, கணக்கிட்டுப் பெற்றது. ஆனால் சிஸ், டிரான்ஸ், இடக்கை–வலக்கை போலக் கண்ணாடிப் பிம்பமாக அமையும் கைத்தன்மை ஆகியவை பதிவில் உள்ளபடி இருக்கும். அவகாட்ரோவில் திறந்து, ஒவ்வொரு இரட்டைப் பிணைப்புக்கும் சங்கிலி வழியே நான்கு அணுக்களைத் தேர்ந்தெடுத்து முறுக்குக் கோணத்தை அளங்கள். 180க்கு அருகில் வர வேண்டும், 0 வந்தால் சிஸ். இரட்டைப் பிணைப்புகளின் நீளம் 1.34, அவற்றுக்கு நடுவிலுள்ள ஒற்றைப் பிணைப்பு 1.45 ஆங்ஸ்ட்ராம் அருகில் இருக்க வேண்டும்.

அடுத்து நைட்ரஜன். இது அமைடு நைட்ரஜன், அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்புள்ள கார்பனை ஒட்டிய நைட்ரஜன். அதைச் சுற்றியுள்ள மூன்று பிணைப்புகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், கூம்பாக நிற்கக் கூடாது. நைட்ரஜனைக் கண்டதும் காரம் என்று நினைத்து ஹைட்ரஜன் ஏற்றி நேர்மின்சுமை கொடுப்பவர்கள் உண்டு. அமைடுக்கு அது தவறு.

கடைசியாக, நைட்ரஜன் இருக்கும் ஆறணு வளையம். முந்தைய கேள்வியில் பார்த்த நாற்காலி விவகாரம் இங்கே பலமாகக் கடிக்கும். ஆட்டோடாக் வினா நிரல், டாக்கிங்கின்போது சுழலக்கூடிய ஒற்றைப் பிணைப்புகளைத் தானே திருப்பிப் பார்க்கும். வளையத்தின் வடிவத்தை, பிணைப்பு நீளங்களை, சிஸ்–டிரான்ஸை, கைத்தன்மையைத் தொடவே தொடாது. நீங்கள் படகு வடிவத்தில் கொடுத்தால் கடைசிவரை படகுதான். உங்களுக்கும் தோழிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் இருக்கும்: ஒன்று இரட்டைப் பிணைப்பு, இல்லையென்றால் வளையம்.

இரண்டும் சரியாக இருந்தும் சிறு வேறுபாடு வந்தால் கவலைப்பட வேண்டாம். வினா தற்செயல் எண்களைக் கொண்டு தேடுவதால் ஓட்டத்துக்கு ஓட்டம் கொஞ்சம் மாறும். அந்தத் தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை (சீட்) குறித்துவைத்து, புரதத்தில் தேட வேண்டிய இடத்தைக் குறிக்கும் தேடல் பெட்டியின் மையமும் அளவும் இருவருக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

கேள்வி: புரதத் தரவு வங்கியிலிருந்து இறக்கிய அமைப்பில் ஹைட்ரஜனே இல்லை. தண்ணீர் எல்லாம் வெறும் சிவப்புப் புள்ளிகளாக இருக்கிறது. கோப்பு பழுதா?
(உயிரித் தொழில்நுட்ப மாணவர், கோவை)

பதில்: பழுதில்லை. இந்த அமைப்புகளில் பெரும்பாலானவை புரதப் படிகத்தில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அளந்தவை. எக்ஸ் கதிர்களைச் சிதறடிப்பது எலக்ட்ரான்கள். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் பிணைப்பில் போய்விடுகிறது. மிக உயர்ந்த துல்லியத்தில் எடுத்தால் தவிர அதன் இடம் தெரியாது. அதனால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மட்டும் பதிவாகியிருக்கிறது.

ஹைட்ரஜன் சேர்க்கும் கட்டளை எல்லா மென்பொருளிலும் இருக்கிறது, கைமராஎக்ஸில் ஒரு வரிதான். ஆனால் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் நீங்களே போய்ப் பாருங்கள். அதன் வளையத்தில் இரண்டு நைட்ரஜன்கள். ஹைட்ரஜன் இதில் இருக்கலாம், அதில் இருக்கலாம், இரண்டிலும் இருந்து நேர்மின்சுமையோடும் நிற்கலாம். பக்கத்தில் உள்ள அணு ஹைட்ரஜனைக் கொடுக்கிறதா வாங்குகிறதா என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். புரதத்தின் வேலை நடக்கும் இடமான செயல்மையத்தில் ஒரு ஹிஸ்டிடின் தவறினால் அங்கே மருந்து மூலக்கூறு உட்காரும் விதமே மாறிவிடும்.

கேள்வி: எக்ஸ்ஒய்இசட் கோப்பாகச் சேமித்துத் திறந்தால் இரட்டைப் பிணைப்புகள் காணாமல் போகின்றன, ஏன்?
(பெயர் குறிப்பிடாத வாசகர், மதுரை)

பதில்: அந்தக் கோப்பில் பிணைப்பு என்ற ஒன்றே கிடையாது. தண்ணீருக்கு அது இப்படி இருக்கும்: முதல் வரியில் அணுக்களின் எண்ணிக்கை 3. இரண்டாவது வரி குறிப்புக்கு, காலியாகவும் விடலாம், ஆனால் நீக்கக் கூடாது. மூன்றாவது வரியில் ஆக்சிஜன், அதன் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்கள் 0.000 0.000 0.117. அடுத்த இரண்டு வரிகளிலும் ஹைட்ரஜன், ஒன்றுக்கு 0.000 0.757 –0.470, மற்றதற்கு 0.000 –0.757 –0.470. அவ்வளவுதான்.

திறக்கும் மென்பொருள் தூரத்தைப் பார்த்துப் பிணைப்பை ஊகிக்கிறது. கோப்பு வடிவங்களை மாற்றித் தரும் ஓப்பன் பேபல் நிரல், இரண்டு அணுக்களின் சகப்பிணைப்பு ஆரங்களைக் கூட்டி அதோடு 0.45 ஆங்ஸ்ட்ராம் சேர்த்துக்கொள்ளும். அந்தத் தூரத்துக்குள் இருந்தால் பிணைப்பு உண்டு என்று கொள்ளும். வடிவம் சீராக்கப்படாமல் நெருக்கியடித்திருந்தால் இல்லாத பிணைப்பெல்லாம் முளைப்பது இதனால்தான். வேலை நடக்கும்போது மால் அல்லது எஸ்டிஎஃப் வடிவில் சேமியுங்கள், அவற்றில் எந்த அணுவுக்கும் எந்த அணுவுக்கும் என்ன பிணைப்பு என்ற பட்டியல் தனியாக இருக்கிறது. கணக்கீட்டு நிரலுக்கு அனுப்பும்போது மட்டும் எக்ஸ்ஒய்இசட் போதும்.

கேள்வி: பிளாட்டினம் உள்ள சிஸ்பிளாட்டின் மருந்தைக் கட்ட முயன்றேன். எம்எம்எஃப்எஃப்94 என்ற ஃபோர்ஸ் ஃபீல்டு வேலை செய்யவில்லை என்று பிழைச் செய்தி வந்தது. யுஎஃப்எஃப் என்ற இன்னொரு ஃபோர்ஸ் ஃபீல்டுக்கு மாற்றியதும் ஓடியது. அந்த வடிவத்தை நம்பலாமா?
(எம்.எஸ்சி. மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: எம்எம்எஃப்எஃப்94 மெர்க் நிறுவனத்தில் மருந்து போன்ற கரிம மூலக்கூறுகளுக்காக உருவாக்கப்பட்டது, அதில் பிளாட்டினத்துக்கு அளவுருக்களே இல்லை. யுஎஃப்எஃப் தனிம அட்டவணை முழுவதற்கும் பொதுவான சூத்திரங்களை வைத்திருப்பதால் ஓடும். ஓடியது என்பதற்காக நம்ப முடியாது.

முதலில் அணுக்களை எண்ணுங்கள்: பிளாட்டினம் 1, குளோரின் 2, நைட்ரஜன் 2, ஹைட்ரஜன் 6, மொத்தம் 11. பெரும்பாலும் 9 தான் இருக்கும். நைட்ரஜனுக்கு மூன்று பிணைப்பு என்ற கணக்கில், பிளாட்டினத்தோடு ஒன்று போக, தானியங்கி வசதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஹைட்ரஜனே வைக்கும். அந்த வசதியை அணைத்துவிட்டு மூன்றாவது ஹைட்ரஜனைக் கையால் சேருங்கள். பிறகு, பிளாட்டினத்தைச் சுற்றி நான்கு அணுக்களும் ஒரே தளத்தில், 90 பாகைக்கு அருகில் இருக்கின்றனவா என்று அளங்கள். 109 என்று வந்தால் நான்முகி ஆகிவிட்டது. குளோரின்கள் அடுத்தடுத்து இருந்தால் சிஸ்பிளாட்டின், எதிரெதிரே இருந்தால் டிரான்ஸ்பிளாட்டின். மருந்தாகப் பயன்படுவது முதலாவது.

தோராய வடிவம் கிடைத்ததும் அதை, எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கணக்கிடும் எக்ஸ்டிபி நிரலுக்குக் கொடுங்கள். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் உருவான இலவச நிரல் இது. அதன் ஜிஎஃப்என்2 முறை ரேடான் வரையுள்ள 86 தனிமங்களுக்கும் பொருந்தும், 11 அணுக்கள் என்றால் சாதாரணக் கணினியிலேயே நொடிகளில் முடியும். பிளாட்டினம்–குளோரின் 2.3, பிளாட்டினம்–நைட்ரஜன் 2.0 ஆங்ஸ்ட்ராம் அருகில் வந்தால் நல்லது. இன்னொன்று: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்டிபி மொத்த மின்சுமையைச் சுழி என்றே எடுத்துக்கொள்ளும். சிஸ்பிளாட்டினுக்கு அது சரி. அயனிகளுக்கு மின்சுமையையும், இரும்பு போன்றவற்றுக்கு இணைசேராத எலக்ட்ரான் எண்ணிக்கையையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். அது தவறினால் பிழைச் செய்தி எதுவும் வராது, தவறான வடிவம் மட்டும் அமைதியாக வந்து நிற்கும்.

கேள்வி: சிறிய பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) ஒன்றை நானே கட்டினேன். அது சரியான வடிவமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
(மருந்தியல் மாணவி, சேலம்)

பதில்: இதற்கான அளவுகோல் சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் புரத அமைப்புகளுக்கான முதல் சோதனை. பெப்டைடு முதுகெலும்பில், ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் ஃபை, சை என்ற இரண்டு கோணங்கள்தான் தாராளமாகச் சுழலும். அவற்றிலும் பெரும்பாலான சேர்க்கைகளில் அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்று மோதிவிடும். மோதாமல் மிஞ்சும் இடங்களே அனுமதிக்கப்பட்ட பகுதிகள்.

அவகாட்ரோவின் பெப்டைடு கட்டும் பெட்டியில் வரிசையைக் கொடுத்து ஆல்ஃபா சுருள் என்று தேர்ந்தால், ஃபை –60, சை –40 அளவில் வைத்துக் கட்டித் தரும். கையால் கட்டினால் மூன்றைச் சோதியுங்கள். பெப்டைடு பிணைப்பின் முறுக்குக் கோணம் 180க்கு அருகில் இருக்க வேண்டும். கிளைசின் தவிர எல்லாமே எல் வகை அமினோ அமிலமாக இருக்க வேண்டும் (டி வகை அதன் கண்ணாடிப் பிம்பம்). ஃபை பெரும்பாலும் எதிர்க்குறியில் இருக்க வேண்டும். பல இடங்களில் ஃபை நேர்க்குறியில் வந்தால், டி வகையாகக் கட்டிவிட்டீர்களோ என்று சந்தேகப்படுங்கள். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி இல்லாததால் அது நேர்க்குறிப் பக்கமும் தாராளமாகப் போகும், அதைப் பிழையாக எண்ண வேண்டாம்.

முழுப் புரதம் வேண்டுமென்றால் கையால் கட்டாதீர்கள். செயற்கை நுண்ணறிவால் புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டின் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் இருக்கின்றன. அதிலும் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் 100க்கு இத்தனை என்று நம்பக மதிப்பெண் உண்டு. 90க்கு மேல் நன்று, 50க்குக் கீழே உள்ள பகுதியின் வடிவத்தைப் பொருட்படுத்தவே கூடாது. ஆரஞ்சு நிறத்தில் நீளமாகத் தொங்கும் வால்கள் அவைதான்.

கேள்வி: காஃபீன் மூலக்கூறை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்தோம். மூலக்கூறு விரல் நகத்தளவே வந்தது. பெரிதாக்கி எடுத்தால் குச்சிகள் ஒடிந்துவிடுகின்றன.
(அறிவியல் மன்றப் பொறுப்பாசிரியர், ஈரோடு)

பதில்: அச்சுக்குக் கொடுக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. ஒரு ஆங்ஸ்ட்ராமை அச்சு மென்பொருள் ஒரு மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. 1000 சதவீதம் பெரிதாக்கினால் ஒரு ஆங்ஸ்ட்ராம் ஒரு சென்டிமீட்டர் ஆகும், காஃபீன் உள்ளங்கையளவு வரும்.

பெரிதாக்குவதற்கு முன், கைமராஎக்ஸிலேயே குச்சியின் ஆரத்தை 0.25 ஆங்ஸ்ட்ராமாக வைத்து ஏற்றுமதி செய்யுங்கள், அச்சில் 5 மி.மீ. தடிமன் கிடைக்கும். இரட்டைப் பிணைப்பை இரண்டு மெல்லிய குச்சிகளாகக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், ஒடிவது முதலில் அவைதான். காஃபீனின் வளையங்கள் சமதளமானவை என்பதால் அதைப் படுக்கையில் கிடத்தியே அச்சிடுங்கள். நிறுத்தி வைத்தால் குச்சிகளுக்குக் குறுக்கே அடுக்குகள் விழுந்து, அடுக்கோடு அடுக்காகப் பிய்த்துக்கொள்ளும். மூன்று மெத்தில் தொகுதிகளின் ஹைட்ரஜன்களுக்கு அடியில் மட்டும் தாங்கி கொடுத்தால் போதும். மாணவர்கள் கையில் அடிக்கடி புழங்கும் என்றால் பந்து–குச்சி வடிவத்தை விட்டுவிட்டு, அணுக்கள் ஒட்டி நிற்கும் இடநிரப்பு வடிவத்திலேயே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் கூடுதலாகச் செலவாகும், ஆனால் கீழே விழுந்தாலும் உடையாது.